சல்பர் டை ஆக்சைடை வரைவது எப்படி: 18 எலக்ட்ரான்களையும் ஒவ்வொன்றாகக் கணக்கு வைப்போம்

தீக்குச்சியை உரசியதும் முதல் விநாடியில் மூக்கைச் சுருக்க வைக்கிற நெடி ஒன்று வருமே, அதுதான் சல்பர் டை ஆக்சைடு. குச்சித் தலையில் இருக்கும் கந்தகம் எரிந்து பிறக்கிற வாயு. மொத்தமே மூன்று அணுக்கள்: ஒரு கந்தகம், இரண்டு ஆக்சிஜன். இதை வரைவதில் என்ன பெரிய சிரமம் என்றுதான் தோன்றும். ஆனால் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து வரையச் சொல்லிப் பாருங்கள், குறைந்தது இரண்டு விதமான படம் வரும், இரண்டுக்கும் ஆள் சேர்ந்து சண்டையும் வரும்.

நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி தேர்வுத்தாளோடு வந்து நின்றாள். இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு போட்டு வரைந்திருந்தாள், சிவப்பு மையால் அடித்து ஒன்றரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள். "சார், நெட்ல எல்லாம் இப்படித்தானே இருக்கு?" என்று கேட்டாள். ரெண்டும் சரிதாம்மா, இவங்க எதிர்பார்த்தது வேற என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே முழுதாக எழுதுகிறேன். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், வெறுமனே வாசித்தால் இது நிற்காது.

வசதிக்காகக் கந்தகத்தை 'க' என்றும் ஆக்சிஜனை 'ஆ' என்றும் குறிக்கிறேன். ஒற்றைக் கோடு ஒற்றைப் பிணைப்பு, இரட்டைக் கோடு இரட்டைப் பிணைப்பு.

படி 1: கையிருப்பு எவ்வளவு?

கந்தகத்தின் அணு எண் 16. எலக்ட்ரான்களை உள்ளிருந்து அடுக்கினால் 2, 8, 6. வெளிக்கூட்டில் இருக்கும் ஆறில் இரண்டு 3எஸ் ஆர்பிட்டாலில், நான்கு 3பி ஆர்பிட்டால்களில் (ஆர்பிட்டால் என்பதைக் கூட்டுக்குள் எலக்ட்ரான் தங்குகிற அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்). ஆக்சிஜனின் அணு எண் 8. அடுக்கு 2, 6. அதற்கும் வெளிக்கூட்டில் ஆறுதான், 2எஸ்ஸில் இரண்டு, 2பியில் நான்கு. இரண்டும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதி, ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம். இந்த உறவு பின்னால் நமக்குப் பெரிதாக உதவப்போகிறது, மறந்துவிடாதீர்கள்.

ஆக 6 + 6 + 6 = 18 இணைதிறன் எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டில் இருப்பவை), அதாவது ஒன்பது ஜோடி. உள்கூட்டு எலக்ட்ரான்கள் பிணைப்பில் கலந்துகொள்வதில்லை, அவற்றை மறந்துவிடலாம். வரைந்து முடித்ததும் படத்தில் சரியாக 18 இருக்க வேண்டும். 17-ம் கூடாது, 20-ம் கூடாது. பிள்ளைகள் செய்கிற தவறுகளில் பாதி இந்தக் கூட்டலைக் கடைசியில் சரிபார்க்காததால் வருவதுதான்.

படி 2: நடுவில் யார்?

எலக்ட்ரான் கவர்திறன், அதாவது பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் பலம், குறைந்த அணு நடுவில் உட்காரும் என்பது பொது விதி. பாலிங் அளவுகோலில் கந்தகம் 2.58, ஆக்சிஜன் 3.44. ஆகவே ஆ, க, ஆ என்ற வரிசை. காரணம் எளிது: நடுவில் இருக்கும் அணு இரண்டு பக்கமும் பங்கு கொடுத்தாக வேண்டும், எலக்ட்ரானை இறுக்கிப் பிடிக்கிற அணுவுக்கு அந்தத் தாராளம் இருக்காது.

படி 3: எலும்புக்கூடு

ஆ–க–ஆ என்று இரண்டு ஒற்றைப் பிணைப்பு போடுங்கள். நான்கு எலக்ட்ரான் செலவு, மிச்சம் 14. முதலில் ஓரத்து அணுக்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் மூன்று தனித்த ஜோடி (பிணைப்பில் சேராத ஜோடி), அதாவது ஆறு ஆறாகப் பன்னிரண்டு. இப்போது மிச்சம் இரண்டே இரண்டு. அவற்றைக் கந்தகத்தின் தலையில் ஒரு தனித்த ஜோடியாக வையுங்கள்.

எண்ணிப் பார்ப்போம். ஆக்சிஜன் ஒவ்வொன்றையும் சுற்றி எட்டு, அவை நிம்மதியாக இருக்கின்றன. கந்தகத்தைச் சுற்றி ஆறுதான். அணுவைச் சுற்றி எட்டு வேண்டும் என்கிற எண்ம விதிப்படி இரண்டு குறைகிறது. கைவசம் எலக்ட்ரானும் தீர்ந்துவிட்டது.

படி 4: கடன் வாங்குதல்

ஏதாவது ஒரு ஆக்சிஜன் தன் தனித்த ஜோடிகளில் ஒன்றைப் பிணைப்பாக மாற்றிக் கொடுத்தால் கந்தகத்துக்கு எட்டு வந்துவிடும். படம் இப்படி ஆகிறது: ஆ=க–ஆ. இடது ஆக்சிஜனில் இரண்டு தனித்த ஜோடி, வலதில் மூன்று, கந்தகத்தில் ஒன்று.

இங்கேதான் முறைசார் மின்சுமை, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைப் பாதிப்பாதி பிரித்தால் ஒவ்வோர் அணுவுக்கும் வருகிற கணக்கு மின்சுமை, போட வேண்டும். விதி: தனி அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களைக் கழியுங்கள், பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களில் பாதியையும் கழியுங்கள்.

கந்தகம்: 6 – 2 – 3 = +1
இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன்: 6 – 4 – 2 = 0
ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன்: 6 – 6 – 1 = –1

கூட்டினால் சுழி. மூலக்கூறு நடுநிலையானது, ஆகவே கணக்கு சரி.

சரி, கடன் கொடுத்தது இடது ஆக்சிஜனா வலது ஆக்சிஜனா? இரண்டில் எது கொடுத்தாலும் ஒன்றுதான். அதனால் இரண்டு படம்: ஆ=க–ஆ, ஆ–க=ஆ. இவைதான் உடனிசைவு வடிவங்கள். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது ஒருவர், மூலக்கூறு இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே மாறி மாறித் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று எழுதுவார்கள். இல்லை. அர்த்தநாரீஸ்வரர் காலையில் சிவனாகவும் மாலையில் பார்வதியாகவும் முறை வைத்து மாறுபவர் இல்லையே, எப்போதும் ஒரே உருவம்தான். மூலக்கூறும் அப்படியே. நம்முடைய கோடும் புள்ளியும் போடுகிற முறைக்கு அந்த ஒரு உருவத்தை ஒரே படத்தில் காட்டத் தெம்பில்லை, அதனால் இரண்டு படம் போடுகிறோம். 1916-ல் கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான் ஜோடிதான் பிணைப்பு என்று முன்வைத்தது பிரமாதமான யோசனை. ஆனால் ஒரு ஜோடி மூன்று அணுக்களுக்குப் பொதுவாகப் பரவி நிற்கும் இடங்களில் அதற்கு மூச்சு வாங்கும்.

ஆதாரம் வேண்டுமா? அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்பும் துல்லியமாக ஒரே நீளம், 143 பிகோமீட்டர். ஒரு பக்கம் குட்டை, மறு பக்கம் நெட்டை என்று எப்போதும் இருப்பதில்லை.

படி 5: அந்த இன்னொரு படம்

மாணவி வரைந்தது ஆ=க=ஆ. கந்தகத்தில் ஒரு தனித்த ஜோடி, ஆக்சிஜன் ஒவ்வொன்றிலும் இரண்டு. எலக்ட்ரான் எண்ணிக்கை 8 + 2 + 8 = 18, சரியாகவே இருக்கிறது. முறைசார் மின்சுமை? கந்தகம் 6 – 2 – 4 = 0. ஆக்சிஜன்கள் 6 – 4 – 2 = 0. எல்லாமே சுழி. முறைசார் மின்சுமை குறைந்த படம்தான் நல்ல படம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம், அந்தக் கணக்கில் இதுதான் முதல் பரிசு வாங்க வேண்டும்.

சிக்கல் ஒன்றே ஒன்று. கந்தகத்தைச் சுற்றி இப்போது பத்து எலக்ட்ரான். எண்ம விதி உடைகிறது. மூன்றாம் வரிசைத் தனிமங்களுக்கு அது பரவாயில்லை, காலியான 3டி ஆர்பிட்டால் இருக்கிறது என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலைக் கொஞ்சம் ஓரமாக வைத்திருங்கள், அப்புறம் அதைத் தட்டிப் பார்ப்போம்.

ஆக, ஒரு விதியைக் காப்பாற்றினால் இன்னொன்று உடைகிறது. காகிதத்தில் உட்கார்ந்து எவ்வளவு வாதாடினாலும் இது தீராது. மூலக்கூறையே அளந்துதான் கேட்க வேண்டும்.

படி 6: வடிவம்

அதற்கு முன் வடிவத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், நல்லவேளையாக இதில் எந்தப் படத்தை எடுத்தாலும் ஒரே விடைதான். கில்லெஸ்பியும் நைஹோமும் 1957-ல் ஒழுங்குபடுத்தித் தந்த எலக்ட்ரான் ஜோடி விலக்கக் கொள்கைப்படி, நடு அணுவைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான் கூட்டம் என்று எண்ண வேண்டும். இரட்டைப் பிணைப்பானாலும் ஒற்றைப் பிணைப்பானாலும் ஒரு திசைக்கு ஒரு கூட்டம். கந்தகத்தைச் சுற்றி இரண்டு பிணைப்பு, ஒரு தனித்த ஜோடி, மொத்தம் மூன்று. மூன்றும் முடிந்தவரை விலகி நிற்க, முக்கோணத்தின் மூன்று முனைகளை நோக்கிப் போகும். தனித்த ஜோடி படத்தில் அணுவாகத் தெரியாது, ஆகவே மிச்சமிருப்பது வளைந்த வடிவம்.

அளந்த கோணம் சுமார் 119.5 பாகை. தனித்த ஜோடி அதிகம் இடம் பிடிக்கும், 120-லிருந்து நன்றாகக் குறைய வேண்டுமே என்று நீங்கள் யோசித்தால் நல்ல மாணவர். இங்கே எதிர்ப்பக்கத்தில் வெறும் ஒற்றைப் பிணைப்புகள் இல்லை, பை எலக்ட்ரானும் (இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது ஜோடி) சேர்ந்து தடித்த பிணைப்புகள் நிற்கின்றன, அவையும் பதிலுக்குத் தள்ளுகின்றன. ஒப்பிட்டுப் பாருங்கள்: அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடில் அதே கந்தகம்தான் நடுவில், ஆனால் கோணம் 92 பாகைதான்.

கார்பன் டை ஆக்சைடும் பார்க்க இதே மாதிரி சூத்திரம்தான், ஆனால் அது நேர்கோடு. கார்பனுக்கு நான்கு இணைதிறன் எலக்ட்ரான், நான்கும் பிணைப்பில் போய்விடும், தனித்த ஜோடி என்று ஒன்று மிஞ்சாது. கந்தகத்திடம் கூடுதலாக இருக்கும் அந்த இரண்டு எலக்ட்ரான்தான் மூலக்கூறை வளைக்கிறது.

படி 7: ஆர்பிட்டால்களோடு மறுபடி ஒருமுறை

கோடுகளை விட்டுவிட்டு இப்போது எலக்ட்ரான்கள் நிஜத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்ப்போம். மூலக்கூறு ஒரு தட்டையான பரப்பில் கிடக்கிறது. மேசையில் வைத்த தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கந்தகத்தின் 3எஸ், இரண்டு 3பி ஆகியவை கலந்து மூன்று எஸ்பி2 இனக்கலப்பு ஆர்பிட்டால்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் தாளின் பரப்பிலேயே கிடக்கும். அவற்றில் இரண்டு, ஆக்சிஜன்களோடு சிக்மா பிணைப்பாகும் (அணுக்களை நேராக இணைக்கிற முதல் பிணைப்பு), மூன்றாவதில் தனித்த ஜோடி. செலவு: 4 + 2 = 6 எலக்ட்ரான்.

ஆக்சிஜன் ஒவ்வொன்றும் தாளின் பரப்பிலேயே இரண்டு தனித்த ஜோடி வைத்திருக்கிறது. இரண்டு ஆக்சிஜனுக்கும் சேர்த்து எட்டு. ஆக 14 போய்விட்டது. மிச்சம் நான்கு.

இந்த நான்குதான் கதாநாயகர்கள். ஒவ்வொரு அணுவிலும் தாளுக்குச் செங்குத்தாக, மேலும் கீழுமாக நிற்கிற ஒரு பி ஆர்பிட்டால் பாக்கி இருக்கிறது. கந்தகத்தில் ஒரு 3பி, ஆக்சிஜன்களில் ஆளுக்கொரு 2பி. மூன்று அணு ஆர்பிட்டால்கள் சேர்ந்தால் மூன்று மூலக்கூறு ஆர்பிட்டால்கள் வர வேண்டும். அவை:

முதலாவது, மூன்று அணுக்களும் ஒரே கட்டத்தில், அதாவது எலக்ட்ரான் அலைகள் ஒரே பக்கம் உயர்ந்து, சேர்வது. ஆற்றல் குறைந்தது, மூன்று அணுக்களையும் ஒன்றாகப் பிணைக்கிறது.

இரண்டாவது, இரண்டு ஆக்சிஜன்களும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருப்பது. நடுவில் கந்தகத்துக்கு இதில் பங்கே இல்லை. இடது பக்கம் கூட்டல், வலது பக்கம் கழித்தல் என்றால் நடுவில் நிற்பவருக்கு இரண்டும் ரத்தாகிவிடும். இது பிணைக்கவும் செய்யாது, பிரிக்கவும் செய்யாது.

மூன்றாவது, கந்தகம் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் எதிர்க் கட்டத்தில் நிற்பது. பிணைப்பை முறிக்கிற எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்.

நான்கு எலக்ட்ரானை அடியிலிருந்து நிரப்பினால் முதல் இரண்டும் நிரம்பிவிடும், மூன்றாவது காலி. பிணைக்கிற வேலையைச் செய்வது ஒரே ஒரு ஜோடி, அதுவும் இரண்டு பிணைப்புகளுக்குப் பொதுவாக. ஆக ஒரு பிணைப்புக்கு அரை பை, ஒரு சிக்மாவோடு சேர்த்தால் பிணைப்புத் தரம் (இரண்டு அணுக்களுக்கு இடையே எத்தனை பிணைப்பு என்ற கணக்கு) 1.5. உடனிசைவுப் படங்கள் இரண்டையும் சராசரி எடுத்தால் என்ன வருமோ அதேதான். பிணைக்காத அந்த இரண்டாவது ஜோடி முழுக்க ஆக்சிஜன்களில்தான் பாதிப்பாதியாக உட்கார்ந்திருக்கிறது, உடனிசைவுப் படத்தில் ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனுக்குப் போட்ட –1 இங்கே இரண்டுக்கும் பங்காகிறது. 3டி ஆர்பிட்டாலை நாம் தொடவே இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவோடு பாடம் முடிந்தது என்று நிறைய புத்தகங்கள் மூடிவிடும். எனக்கு இங்கிருந்துதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது.

படி 8: அளவுகோலை எடுப்போம்

ஓசோனைக் கூப்பிடுங்கள். கந்தகத்தின் இடத்தில் அதே தொகுதியைச் சேர்ந்த ஆக்சிஜனை வைத்தால் ஓசோன். அதே 18 எலக்ட்ரான், அதே வளைந்த வடிவம், கோணம் 116.8 பாகை, மேலே சொன்ன அதே மூன்று பை ஆர்பிட்டால்கள். பிணைப்புத் தரம் 1.5 என்பது ஓசோனுக்கும் பொருந்தும்.

ஓசோனில் பிணைப்பு நீளம் சுமார் 128 பிகோமீட்டர். முழு இரட்டைப் பிணைப்பு உள்ள ஆக்சிஜன் மூலக்கூறில் 121. ஒன்றரை என்றால் இரண்டை விட நீளமாக இருக்க வேண்டும், அப்படியே இருக்கிறது. நல்லது.

இப்போது கந்தகத்தில் இதே ஒப்பீடு. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இணையானது சல்பர் மோனாக்சைடு, ஒரு கந்தகம், ஒரு ஆக்சிஜன், பிணைப்புத் தரம் 2. அதன் நீளம் 148 பிகோமீட்டர். சல்பர் டை ஆக்சைடில் 143. ஒன்றரைப் பிணைப்பு இரட்டைப் பிணைப்பை விடக் குட்டையாக இருக்கிறது!

ஆற்றலும் அதையே சொல்கிறது. ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிரிக்க மோலுக்கு சுமார் 107 கிலோஜூல் போதும், ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்க 498 வேண்டும். சல்பர் டை ஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்க சுமார் 550, மோனாக்சைடை உடைக்க சுமார் 520. ஓசோன் ஏன் எதைக் கண்டாலும் பாய்கிறது, சல்பர் டை ஆக்சைடு ஏன் சிலிண்டரில் வருடக்கணக்கில் சாதுவாகக் கிடக்கிறது என்பதற்கு இந்த எண்களே போதும்.

அப்படியென்றால் அந்த மாணவியின் படம்தானே சரி, இரண்டு முழு இரட்டைப் பிணைப்பு? அவசரப்படாதீர்கள், சல்பர் ட்ரை ஆக்சைடையும் பார்த்துவிடுவோம். அதில் எண்ம விதிப்படி மூன்று பிணைப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பை ஜோடி, பிணைப்புத் தரம் 1.33. ஒன்றரையிலிருந்து இன்னும் இறங்கியிருக்கிறது, ஆனால் நீளம் 142, இன்னும் ஒரு பிடி குட்டை. ஆக்சிஜன் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற ஏற 148, 143, 142 என்று நீளம் குறைந்துகொண்டே போகிறது. பை பிணைப்பின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது, வேறு ஏதோ ஒன்று இழுக்கிறது.

படி 9: 3டி என்கிற பழைய பதில்

பழைய புத்தகங்களின் விளக்கம் இது: கந்தகம் ஓர் எலக்ட்ரானை 3பியிலிருந்து 3டிக்கு ஏற்றிவிடும், நான்கு தனி எலக்ட்ரான் கிடைக்கும், நான்கு பிணைப்பு போடும். கேட்க அழகாக இருக்கிறது. செலவைப் பாருங்கள். கந்தக அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை அடியோடு பிடுங்கி வெளியே எறியவே மோலுக்கு 1000 கிலோஜூல்தான். 3டிக்கு ஏற்றுவதற்கே அதில் பெரும்பகுதி ஆகிவிடும். பிணைப்பு போட்டுச் சம்பாதிக்கப்போவதை முன்பணமாகவே கட்டு என்பது போல இருக்கிறது. தவிர 3டி ஆர்பிட்டால் பெரிதாக, பரவலாக விரிந்து கிடக்கும், கச்சிதமான ஆக்சிஜனின் 2பியோடு அது நன்றாக மேற்பொருந்தாது.

கணினியில் கணக்குப் போடும்போது கந்தகத்துக்கு 3டி சார்புகளைச் சேர்த்தால்தான் நீளமும் கோணமும் சரியாக வரும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு பார்த்தீர்களா, டி வேலை செய்கிறது என்பார்கள். அங்கே அவை மற்ற ஆர்பிட்டால்களின் வடிவத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொடுக்கிற ஒட்டுப்போடும் வேலையைத்தான் செய்கின்றன, அவற்றில் குடியிருக்கும் எலக்ட்ரான் மிகக் குறைவு. ஆகவே பத்து எலக்ட்ரானுக்கு 3டி இடம் கொடுக்கிறது என்ற கதையை நான் இப்போதெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

படி 10: இழுக்கிறது யார்?

மின்சுமை. கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் கவர்திறனில் 0.86 வித்தியாசம். சிக்மாவிலும் பையிலும் எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது. கந்தகம் நேர் மின்சுமை, ஆக்சிஜன்கள் எதிர் மின்சுமை. எதிரெதிர் மின்சுமைகள் ஈர்ப்பதால் பிணைப்பு இறுகிக் குட்டையாகிறது. ஆக்சிஜன் கூடக் கூடக் கந்தகத்தின் நேர் மின்சுமை கூடும், பிணைப்பு இன்னும் இறுகும். 148, 143, 142-க்கு இப்படி ஓர் அர்த்தம் கிடைக்கிறது. ஓசோனில் மூன்றும் ஒரே தனிமம், இந்த உதவி அங்கே பெரிதாகக் கிடையாது. போதாததற்குச் சின்னச் சின்ன ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கி நிற்பதால் அவற்றின் தனித்த ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

எவ்வளவு மின்சுமை? இருமுனைத் திருப்புத்திறனை (நேர், எதிர் மின்சுமைகள் எவ்வளவு பிரிந்து நிற்கின்றன என்பதன் அளவு, அலகு டிபை) வைத்து நாமே ஒரு தோராயக் கணக்குப் போடலாம், இதைக் கட்டாயம் கையால் போட்டுப் பாருங்கள். அளந்த மதிப்பு 1.63 டிபை. கந்தகத்திலிருந்து இரண்டு ஆக்சிஜன்களையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரம் 143-ஐ 59.75 பாகையின் கொசைனால் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 72 பிகோமீட்டர். ஒரு முழு எலக்ட்ரான் மின்சுமை 100 பிகோமீட்டர் தள்ளி நின்றால் 4.8 டிபை. ஆகவே கந்தகத்தில் +1, ஆக்சிஜன்களில் ஆளுக்கு –0.5 என்று உடனிசைவுப் படம் சொல்வது அப்படியே நிஜமென்றால் 0.72 × 4.8, கிட்டத்தட்ட 3.5 டிபை வர வேண்டும். வந்திருப்பது அதில் பாதி கூட இல்லை.

அப்போ கந்தகத்தில் +0.47-தான் என்று எழுதிவிடாதீர்கள், நானே ஒருமுறை விழுந்த குழி அது. கந்தகத்தின் தனித்த ஜோடியை மறந்துவிட்டோம். அது ஆக்சிஜன்களுக்கு நேர் எதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே அதன் திருப்புத்திறன் எதிர்த் திசையில் இழுத்து மொத்தத்தைக் குறைத்துக் காட்டுகிறது. பெரும்பாலான கணினிக் கணக்குகள் கந்தகத்துக்கு ஒன்றுக்கும் அதிகமான நேர் மின்சுமை தருகின்றன.

இதில் வேதியியலாளர்களே இன்னும் ஒரே கட்சியில் இல்லை. ஒரு தரப்பு, பிணைப்புத் தரம் ஒன்றரை, மிச்ச வலிமை அயனி ஈர்ப்பால் என்கிறது. இன்னொரு தரப்பு, கந்தகத்தின் தனித்த ஜோடிகளில் ஒன்று பிரிந்து தனித்தனியாகப் பிணைய முடிவதால் இரண்டும் கிட்டத்தட்ட முழு இரட்டைப் பிணைப்புகளே என்று இணைதிறன் பிணைப்புக் கணக்குகளைக் காட்டுகிறது. இரு தரப்பும் 3டியைப் பெரிதாக நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. நான் முதல் கட்சி, ட்ரை ஆக்சைடின் 142-ஐ அது நோகாமல் விளக்கிவிடுகிறது என்பதால்.

மூன்று கணக்கு, மூன்று எண்

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இதே கந்தகத்துக்கு ஆக்சிஜனேற்ற எண் +4. முறைசார் மின்சுமை +1 அல்லது 0. நிஜ மின்சுமை இடையில் ஏதோ ஒரு பின்னம். எது உண்மை என்று கேட்பார்கள். ஆக்சிஜனேற்ற எண், பிணைப்பில் உள்ள எலக்ட்ரான் எல்லாவற்றையும் ஆக்சிஜனுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறது. முறைசார் மின்சுமை, கறாராகப் பாதிப்பாதி பிரிக்கிறது. ஒரே சொத்துக்கு இரண்டு பாகப்பிரிவினை, இரண்டுமே நம் வசதிக்கு எழுதிக்கொண்ட பத்திரம். வினையைச் சமன் செய்ய முதலாவது, லூயிஸ் படம் போட இரண்டாவது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து எழுதினால் மதிப்பெண் போகும், நியாயமாகவே.

இந்த அமைப்பு வெளியே எப்படித் தெரிகிறது?

எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டால்களில் உச்சத்தில் இருப்பது கந்தகத்தின் தனித்த ஜோடி. காலியானவற்றில் அடியில் இருப்பது படி 7-ல் பார்த்த எதிர்ப்பிணைப்பு பை. ஆகவே இது கொடுக்கவும் தயார், வாங்கவும் தயார். உலோக அணுவுக்குத் தன் ஜோடியைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளும். ட்ரைமெத்தில் அமீனிடமிருந்து ஜோடியை வாங்கி அதோடும் ஒட்டிக்கொள்ளும்.

+4 என்பது நடுப்படி, மேலே +6 வரை போகலாம், கீழேயும் இறங்கலாம். ஆய்வகத்தில் அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் காட்டினால் ஆரஞ்சு நிறம் பச்சையாகுமே, அங்கே இது எலக்ட்ரானைக் கொடுத்து மேலே ஏறுகிறது. ஹைட்ரஜன் சல்பைடைச் சந்தித்தாலோ அதனிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக் கீழே இறங்கி, இரண்டும் சேர்ந்து மஞ்சள் கந்தகமாகப் படிந்துவிடும். இந்தியச் சர்க்கரை ஆலைகள் பலவற்றில் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்க, கந்தகத்தை எரித்து இந்த வாயுவைத்தான் செலுத்துகிறார்கள். சாற்றின் நிறம் குறைவதில் இதன் எலக்ட்ரான் கொடுக்கும் குணத்துக்கும் பங்குண்டு.

வளைந்திருப்பதால் இருமுனைத்தன்மை, அதனால் மூலக்கூறுகளுக்கு இடையே கொஞ்சம் கூடுதல் ஈர்ப்பு. –10 பாகை செல்சியஸிலேயே திரவமாகிவிடும். கார்பன் டை ஆக்சைடைச் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் திரவமாக்கவே முடியாது.

தேர்வில் எதை வரைவது?

கேள்வியில் எண்ம விதி, உடனிசைவு என்ற சொற்கள் இருந்தால் ஆ=க–ஆ, ஆ–க=ஆ இரண்டையும் நடுவில் இருமுனை அம்புக்குறியோடு வரைந்து +1, –1 குறியுங்கள். முறைசார் மின்சுமை குறைந்த அமைப்பு என்று கேட்டால் ஆ=க=ஆ. ஒன்றுமே சொல்லாவிட்டால் நான் மூன்றையும் வரைவேன். கந்தகத்தின் தலையில் அந்த ஒரு ஜோடிப் புள்ளியை மட்டும் எந்தப் படத்திலும் விட்டுவிடாதீர்கள், அது போனால் வடிவமே நேர்கோடாகிவிடும்.

பழகிப் பார்க்க சல்பைட் அயனியை எடுங்கள். ஒரு கந்தகம், மூன்று ஆக்சிஜன், மொத்த மின்சுமை –2. கையிருப்பு 24 என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள், அயனியின் இரண்டு எலக்ட்ரானையும் சேர்த்து 26. எலும்புக்கூடு போட்டு ஓரங்களை நிரப்பிப் பாருங்கள், கடன் வாங்கும் நாலாவது படிக்கே இங்கே வேலை வராது. பிணைப்பு நீளம் சுமார் 151 பிகோமீட்டர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் இவ்வளவு நீளம் என்பதை நீங்கள் வரைந்த படமே காட்டிவிடும்.